பச்சைச் சிப்பி லார்வா வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொரிப்பக வேலைக்குப் புதிதாக வருபவர்களும், கழிமுகத்தில் கயிறு கட்டிச் சிப்பி வளர்க்கும் குழுக்களும், மீன்வளப் படிப்பு முடித்த இளைஞர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. இங்கே நான் சிப்பி என்று சொல்வது பச்சைச் சிப்பியை, அதாவது பெர்னா விரிடிஸை. லார்வா என்பது முட்டையிலிருந்து வந்து, எதிலாவது ஒட்டும் வரை நீந்தித் திரியும் அதன் இளம் பருவம்; விதை என்பது ஒட்டிய குஞ்சு; பொரிப்பகம் என்பது முட்டையிலிருந்து இவற்றை வளர்த்தெடுக்கும் கூடம். மலபாரில் இதைக் கல்லுமக்காய் என்றும் கடுக்கா என்றும் சொல்வார்கள். குமரி மாவட்டக் கரையில் இதன் பழுப்பு நிற உறவான பெர்னா இண்டிகாவுக்குச் சிப்பி என்பதே பெயர். வளர்க்கும் முறை இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றுதான்.

பாறையில் விதை கொட்டிக் கிடக்கும்போது பொரிப்பகம் எதற்கு?

கொட்டிக் கிடப்பது எல்லா ஆண்டும் அல்ல. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் கோழிக்கோடு, கண்ணூர் கரையோரப் பாறைகளில் சிப்பிக் குஞ்சுகள் படிகின்றன. 1990களின் பிற்பகுதியில் காசர்கோடு மாவட்டத்துப் படன்னா, செறுவத்தூர்ப் பகுதிக் கழிமுகங்களில் கயிற்று வளர்ப்பு பரவியது. பெண்கள் சுய உதவிக் குழுக்கள் அதைத் தூக்கி நிறுத்தின. விதையின் தேவையும் கூடவே ஏறியது. ஆனால் பாறையில் சுரண்டப்படும் குஞ்சு, அதே பாறையில் மூழ்கிப் பெரிய சிப்பி பறித்துப் பிழைப்பவரின் அடுத்த பருவத்து அறுவடை. வளர்ப்பவரும் பறிப்பவரும் ஒரே விதைக்கு மல்லுக்கட்டுவது நியாயமான தொழிலுக்கு அழகில்லை. பொரிப்பகத்துக்கான முதல் காரணம் இதுதான் என்று நான் கருதுகிறேன். ஒரு பருவத்தில் படிவு பொய்த்தால் வளர்ப்பு முழுவதும் முடங்கும் என்பது இரண்டாவது காரணம்.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1980களிலேயே பச்சைச் சிப்பி, பழுப்புச் சிப்பி இரண்டிலும் லார்வா வளர்த்து விதை எடுத்துக் காட்டிவிட்டது. எனவே வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை. ஒவ்வொரு தொகுதியும், அதாவது ஒருமுறை எடுத்த முட்டையிலிருந்து வளரும் கூட்டமும், ஒரே மாதிரி வரவேண்டும், விதையின் விலை கட்டுப்படியாக வேண்டும். நாம் தடுமாறுவது இந்த இரண்டில்தான்.

இதில் முன்னே போனவர்கள் யார்?

நியூசிலாந்துக்காரர்கள். அவர்கள் வளர்ப்பது பெர்னா கானாலிகுலஸ் என்ற பச்சை உதட்டுச் சிப்பி, நம் சிப்பிக்கு நெருங்கிய சொந்தம். அவர்களுடைய விதையில் பெரும்பகுதி வடக்கு முனையிலுள்ள தொண்ணூறு மைல் கடற்கரையில் கடற்பாசியோடு கரை ஒதுங்குவது. அலை கொண்டுவந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒரு நாட்டின் ஏற்றுமதித் தொழில் அலையை நம்பிக் கிடப்பது சரியில்லை என்று, நெல்சன் நகருக்கு அருகே காத்ரான் நிறுவனத்தின் வளாகத்தில் லார்வா ஆராய்ச்சியைப் பல ஆண்டுகள் நடத்தினார்கள். அரசும் சான்ஃபோர்ட் என்ற கடலுணவு நிறுவனமும் பணம் போட்டு, அங்கேயே வணிகப் பொரிப்பகம் ஒன்றை எழுப்பின. அவர்கள் கண்டறிந்தவற்றில் நமக்கு உதவுபவற்றை ஆங்காங்கே சொல்கிறேன். அவர்கள் தண்ணீர் 17, 18 டிகிரி, நம் தண்ணீர் 28 டிகிரி என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. அங்கே ஒரு நாளில் நடப்பது இங்கே அரை நாளில் நடக்கும். நல்லதும் அப்படித்தான், கெட்டதும் அப்படித்தான்.

முட்டையிலிருந்து கயிற்றில் ஒட்டும் வரை எத்தனை நாள்?

27 முதல் 29 டிகிரி வெப்பத்தில் இரண்டு, இரண்டரை வாரம். முட்டை ஏறக்குறைய 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கருவுற்ற அரை மணி நேரத்தில், கரு பிடித்ததன் அடையாளமாக, துருவ உடல் என்ற சிறு உருண்டை மொட்டுப்போல் வெளியே தெரியும். ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் மயிரிழைகளோடு சுழலும் ட்ரோகோஃபோர் பருவம். ஒரு நாளுக்குள் இரு ஓடுகளும் வந்து, ஆங்கில டி எழுத்தின் வடிவில் நீந்தும். இந்தப் பருவத்தில்தான் வாயும் குடலும் வேலை செய்யத் தொடங்கி, வெளியிலிருந்து உணவு கேட்கிறது. முதல் வார இறுதியில் ஓட்டின் கீல் பக்கம் புடைத்து அம்போ பருவம். இரண்டாம் வார இறுதியில் கண்புள்ளி; அதன்பின் கால் முளைத்து, நீந்துவதும் ஊர்வதுமாக இடம் தேடும். அப்போது அளவு 250 முதல் 300 மைக்ரான்.

உயிர்ப்பு விகிதத்தை உயர்த்த முதலில் எதைத் திருத்த வேண்டும்?

எண்ணத் தொடங்குங்கள். இதைச் சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள். புதுக் கருவியோ மருந்தோ சொல்வேன் என்று எதிர்பார்த்து வந்தவர்கள். கணக்கு விளங்குவதற்காக ஓர் எடுத்துக்காட்டு மட்டும் சொல்கிறேன். ஒரு கோடி முட்டை. அதில் நூற்றுக்கு 60 டி வடிவ லார்வா ஆகிறது: 60 லட்சம். அதில் 30 பங்கு கண்புள்ளிப் பருவம் வரை வருகிறது: 18 லட்சம். அதில் 40 பங்கு கயிற்றில் ஒட்டுகிறது: ஏழேகால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. கடலில் இறக்கியபின் பத்தில் ஒன்று மட்டும் கயிற்றில் நிற்கிறது: 72,000.

இப்போது பாருங்கள். இரவு பகலாக உழைத்து, தீவனம் மாற்றி, நீர் மாற்றி, லார்வாத் தொட்டியின் 30-ஐ 60 ஆக்கினால் கடைசி எண் இரட்டிப்பாகும். கடலில் பத்தில் ஒன்று நிற்பதைப் பத்தில் மூன்று நிற்கும்படி செய்தால் மும்மடங்காகும். ஆனால் பெரும்பாலான பொரிப்பகங்களில் எண்ணுவது லார்வாத் தொட்டியில் மட்டுமே. முதல் நாள் முட்டையை எண்ணுவதில்லை, கயிறு ஏறியபின் எண்ணுவதில்லை. எண்ணாத இடத்தில் எவ்வளவு போனாலும் யாருக்கும் வலிப்பதில்லை. கீழே நான் சொல்லப்போகும் ஒவ்வொன்றும் இந்த நான்கு எண்களில் எதைத் தொடுகிறது என்று நீங்களே கேட்டுக்கொண்டு படியுங்கள்.

தாய்ச் சிப்பியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஓட்டைச் சற்றே திறந்து பார்த்தால் சினை ஏறிய பெண்ணின் உட்போர்வை செங்கல் ஆரஞ்சு நிறத்திலும், ஆணினுடையது பால் வெள்ளையாகவும் இருக்கும். நிறம் அடர்ந்து, போர்வை தடித்து, உள்ளே இருப்பது தெரியாமல் மூடியிருக்க வேண்டும். மெலிந்து கண்ணாடிபோல் தெரிந்தால் ஏற்கெனவே முட்டையிட்டு ஓய்ந்தது. மாதிரிக்கு ஐந்தாறைத் திறந்து பார்த்த பின்பே கூட்டத்தை எடுங்கள்.

நன்றாகத் தெரிகிறதே என்று ஒரே பெண்ணின் முட்டையை வைத்து ஒரு தொகுதியை நடத்தாதீர்கள். ஒரு பெண் பல லட்சம் முட்டை விடும், தொட்டி நிறைந்துவிடும், மனம் திருப்தி அடையும். ஆனால் அந்த ஒன்றின் முட்டை மோசமானால் தொகுதி முழுவதும் மோசம். மேலும், ஒன்றிரண்டு தாயின் பிள்ளைகளையே மறுபடியும் தாய்களாக வைத்தால் நாலைந்து தலைமுறையில் வம்சம் குறுகிவிடும். பத்துப் பெண்களாவது, அதே அளவு ஆண்களாவது முட்டைக்கும் விந்துக்கும் பங்களிக்க வேண்டும். ஒவ்வொரு தாயின் முட்டையையும் தனிக் குடுவையில் வாங்கி, நுண்நோக்கியில் பார்த்து, உருண்டையாகவும் சீராகவும் உள்ளவற்றை மட்டும் கலக்க வேண்டும்.

சூடு கொடுத்தும் முட்டை விடவில்லை. என்ன செய்வது?

சினை ஏறவில்லை என்றால் என்ன செய்தாலும் விடாது. சினை இருந்தும் விடவில்லை என்றால், ஓட்டை நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஒரு மணி நேரம் நிழலில் உலர வைத்து, பிறகு 32 முதல் 34 டிகிரி நீரில் விடுங்கள். அரை மணி கழித்துச் சாதாரண நீருக்கு மாற்றி, மறுபடி சூடு. மூன்று நான்கு சுற்றில் ஆண்கள் தொடங்கும். அந்த விந்து நீரிலிருந்து சிறிது எடுத்துத் தொட்டியில் விட்டால் பெண்கள் பின்தொடரும். அன்றும் விடவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். போர்வையைக் கீறி முட்டை எடுப்பது ஆய்ஸ்டருக்கு (ஆளிக்கு) ஒத்துவரும்; சிப்பிக்கு ஒத்துவராது. கீறி எடுத்த முட்டையில் பாதி முதிராதது.

விந்து எவ்வளவு கலக்க வேண்டும்?

குறைவாக. முட்டையின் விளிம்பைச் சுற்றி ஐந்து முதல் பத்து விந்தணுக்கள் தெரிந்தால் போதும். முட்டையைச் சுற்றி மாலை கட்டியதுபோல் தெரிந்தால் அளவு மிஞ்சிவிட்டது. ஒரு முட்டைக்குள் பல விந்தணு புகுந்தால் கரு பிளவுபடும்போதே கோணலாகும். ஒரு மணி நேரத்துக்குள் மிச்ச விந்தை 20 மைக்ரான் சல்லடையில் கழுவி நீக்குங்கள்; இல்லாவிட்டால் அது அழுகி, மறுநாள் பாக்டீரியாவுக்கு விருந்தாகும்.

முட்டை நன்றாக இருந்தது, கருவும் பிடித்தது. ஆனால் மறுநாள் டி வடிவ லார்வா பாதிகூட இல்லை. ஏன்?

என்னைப் பல ஆண்டுகள் வாட்டிய கேள்வி இது. அதனால் நீண்ட பதில் சொல்கிறேன்.

முதல் ஒரு நாள், சிப்பி தன் ஓட்டை முதன்முதலாகக் கட்டும் நாள். அதற்குத் தீவனம் கிடையாது; முட்டையிலிருந்த கொழுப்புதான் முழு முதலீடு. அந்த நேரத்தில் தண்ணீரில் உலோகம் மிகச் சிறிதளவு இருந்தாலும் ஓடு கோணும். நான் வேலை பார்த்த ஒரு பொரிப்பகத்தில் தொடர்ந்து நான்கு தொகுதிகள் இப்படிப் போயின. ஓட்டின் நேர்க்கோடு வளைந்து, கீல் உள்ளே குழிந்த லார்வாக்களே குவிந்தன. தாயைச் சந்தேகித்தோம், கடலைச் சந்தேகித்தோம். கடைசியில் பார்த்தால், குழாய் பழுது பார்த்தபோது யாரோ ஒரு பித்தளை வால்வைப் பொருத்தியிருந்தார்கள். பித்தளை என்றால் தாமிரமும் துத்தநாகமும். இரவு முழுவதும் குழாயில் தேங்கிய நீர் காலையில் முதலில் கருத்தொட்டிக்குத்தான் போனது. அதை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் வால்வு போட்டதும் அடுத்த தொகுதி நேரானது. அந்த நான்கு தொகுதிகளின் நினைவு இன்னும் எனக்கு உறுத்துகிறது. முட்டையிலிருந்து எத்தனை லார்வா வந்தது என்று முதல் தொகுதியிலேயே எண்ணியிருந்தால், இரண்டாவதிலேயே கண்டுபிடித்திருப்போம்.

நியூசிலாந்தில் கருவளர்ப்பு நீரில் ஈடிடிஏ சிறிதளவு சேர்ப்பது வழக்கம். லிட்டருக்கு ஓரிரு மில்லிகிராம் அளவுதான். அது உலோக அயனிகளைப் பற்றிக் கட்டிப்போடும். அங்கே செய்த ஆய்வில், லார்வா எண்ணிக்கை கூடுவதற்குக் காரணம் அது துத்தநாகத்தைக் கட்டுவதே என்று தெரியவந்தது. நம் கரையிலும் சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் ஒரே முட்டையை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் சேர்த்தும் ஒன்றில் சேர்க்காமலும் வளர்த்து எண்ணுங்கள். சேர்த்ததில் வித்தியாசம் தெரிந்தால் உங்கள் நீரில் உலோகம் இருக்கிறது என்று பொருள். அது எங்கிருந்து வருகிறது என்று தேடவும் வேண்டும்.

அடுத்த காரணம் நீரின் அமிலத்தன்மை. 2007, 2008 ஆண்டுகளில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் விஸ்கி கிரீக் ஆய்ஸ்டர் பொரிப்பகத்தில் லார்வாக்கள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. முதலில் விப்ரியோ பாக்டீரியாவைத்தான் குற்றம் சொன்னார்கள். பிறகுதான், ஆழத்திலிருந்து மேலெழும் கரியமில வாயு மிகுந்த நீரே லார்வாக்களை ஓடு கட்டவிடாமல் தடுத்தது என்று தெரிந்தது. சோடியம் கார்பனேட் சேர்த்து நீரைத் திருத்தியும், நல்ல நீர் வரும் நேரம் பார்த்துப் பம்பை ஓட்டியும் மீண்டார்கள். கேரளக் கரையிலும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஆழ்நீர் மேலெழுகிறது. அதே மாதங்களில்தான் நம் சிப்பி சினை ஏறி நிற்கிறது. எனவே பிஎச் மீட்டரைத் தினமும் பாருங்கள். பகலில் கரையோரப் பாசிகள் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பிற்பகல் நீர் விடியற்கால நீரைவிடப் பெரும்பாலும் நல்லது.

ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை லார்வா விடலாம்?

சாதாரணத் தொட்டியில் டி வடிவத்தில் ஐந்து முதல் பத்து; அம்போ வந்தபின் மூன்று; கண்புள்ளி வந்தபின் ஒன்றிரண்டு. நெல்சனில் நீரும் உணவும் இடைவிடாமல் ஓடும் சிறு தொட்டிகளில் மில்லிலிட்டருக்கு நூறுக்கு மேலும் வளர்த்திருக்கிறார்கள். அந்த எண்ணைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அங்கே தொட்டி சிறியது, நீரோட்டம் நிற்பதில்லை, பின்னால் ஒரு பாசித் தொழிற்சாலையே இருக்கிறது. மின்வெட்டு வந்தால் மில்லிலிட்டருக்கு ஐந்து இருக்கும் தொட்டி அரை நாள் தாங்கும். நூறு இருக்கும் தொட்டி தாங்காது.

என்ன உணவு, எவ்வளவு?

நுண்பாசி. சிப்பிப் பொரிப்பகம் என்பது உண்மையில் ஒரு பாசிப் பண்ணை. அதன் ஓரத்தில் லார்வாத் தொட்டிகள் நிற்கின்றன. இட வசதியிலும் ஆளுழைப்பிலும் பெரும்பங்கு பாசி அறைக்குப் போகாவிட்டால், லார்வா பட்டினிதான்.

ஐசோக்ரைசிஸ், கீட்டோசெராஸ், பாவ்லோவா ஆகியவை அடிப்படை. ஐசோக்ரைசிஸில் டிஎச்ஏ என்ற கொழுப்பு மிகுதி, கீட்டோசெராஸில் ஈபிஏ மிகுதி. லார்வாவுக்கு இரண்டும் வேண்டும். எனவே ஒரே பாசியைக் கொடுப்பது, தினமும் சோறு மட்டும் போடுவது போல. முதல் நாட்களில் வாய் சிறியது. ஐந்தாறு மைக்ரானுக்கு மேற்பட்ட செல் நுழையாது. கீட்டோசெராஸ் கால்சிட்ரான்ஸ் நுழையும். பெரிய டயட்டம்களை (சிலிக்கா ஓடுள்ள பாசிகளை) இரண்டாம் வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் வெப்பத்தைக் கவனியுங்கள். சாதாரண ஐசோக்ரைசிஸ் கால்பனா குளிர்ந்த கடலிலிருந்து வந்தது. 28 டிகிரியில் வாடும். டஹீட்டித் தீவிலிருந்து வந்த வகை, இப்போது டிசோக்ரைசிஸ் லூட்டியா என்று பெயர் மாற்றப்பட்டது, 30 டிகிரியும் தாங்கும். ஏசி ஒரு நாள் நின்றாலும் வளர்ப்பு சாகாது என்பதே பெரிய லாபம். கீட்டோசெராஸுக்குச் சிலிக்கேட் சேர்க்க மறந்தால் இரண்டு நாளில் வளர்ச்சி நிற்கும்; புதியவர்கள் அடிக்கடி மறப்பது இதையே.

அளவு: தொடக்கத்தில் தொட்டி நீரின் மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 20,000 செல், பிற்பாடு 50,000 வரை. ஆனால் எண்ணிலும் முக்கியம் மிச்சம். அடுத்த வேளை உணவிடும் முன் நீரில் எவ்வளவு செல் மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றுமில்லை என்றால் கூட்டுங்கள். போட்டது அப்படியே இருந்தால் லார்வா சாப்பிடவில்லை, உணவைக் குறைத்துவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். வளர்ச்சி முற்றி, தேங்கிப்போன பாசியைக் கொடுக்காதீர்கள். அதில் சத்தும் குறைவு, பாக்டீரியாவும் அதிகம்.

கடையில் விற்கும் பாசிப் பசை போதுமா?

அவசரத்துக்கு, அதுவும் ஒட்டியபின் கொடுக்கலாம். லார்வாவுக்கு உயிர்ப்பாசிக்கு ஈடு இன்னும் இல்லை.

நீரை எப்போது மாற்ற வேண்டும்?

இரண்டு நாளுக்கு ஒருமுறை முழுவதுமாக. வெயில் காலத்தில் தினமும். கடல்நீர் மணல் வடிகட்டி, பிறகு 10, 5, 1 மைக்ரான் வடிகட்டிகள், புற ஊதா விளக்கு வழியாக வர வேண்டும். லார்வாவை எப்போதும் நீருக்குள் மூழ்கிய சல்லடையிலேயே பிடியுங்கள்; காய்ந்த வலையில் விழுந்தால் ஓடு நொறுங்கும். டி வடிவத்துக்கு 40 மைக்ரான் வலை, பிறகு படிப்படியாக 60, 80, 100, 150.

சல்லடை பிடிக்க மட்டுமல்ல, பிரிக்கவும்தான். பத்தாம் நாளில் 100 மைக்ரான் வலையில் நிற்காமல் கீழே இறங்குபவை பின்தங்கியவை. அவற்றைக் கொட்டிவிடுங்கள் என்று சொன்னால் மனம் கேட்காது. ஆனால் அவை உணவையும் இடத்தையும் தின்று, கடைசியில் ஒட்டாமலே சாகும். நோயும் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முந்தைய மாலை நன்றாக நீந்தியவை காலையில் தொட்டியின் அடியில் கிடந்தன. என்ன நடந்தது?

பெரும்பாலும் விப்ரியோ. நுண்நோக்கியில் பார்த்தால், லார்வா நீந்தப் பயன்படுத்தும் மயிரிழை மடல் உதிர்ந்து, ஓட்டுக்குள் பாக்டீரியா கொதிப்பதுபோல் ஓடும். அந்தத் தொட்டியைக் காப்பாற்ற முயலாதீர்கள். குளோரின் ஊற்றிக் கொன்று, பிறகே வடியுங்கள். அதே வாளி, அதே சல்லடை அடுத்த தொட்டிக்குப் போகக் கூடாது.

ஆன்டிபயாடிக் போடலாமா என்று கேட்கிறார்கள். பழைய முறைகளில் குளோராம்பெனிகால் போட்டது உண்மை. இன்று அது இந்தியாவில் நீர்வாழ் உயிரின வளர்ப்பில் தடை செய்யப்பட்ட மருந்து. தடை இல்லாவிட்டாலும் வேண்டாம் என்பேன். இன்று ஒரு தொகுதி தப்பும், ஆறு மாதத்தில் மருந்துக்கு மசியாத பாக்டீரியா உங்கள் குழாய்க்குள்ளேயே குடியேறும். நோய் வந்த தொட்டியைவிட அது வளர்ந்த இடத்தைத் தேடுங்கள். என் அனுபவத்தில் முதல் குற்றவாளி பாசிப் பைகள், இரண்டாவது நீர் தேங்கும் குழாய் முனைகள், மூன்றாவது தாய்ச் சிப்பித் தொட்டியின் கழிவுநீர். வாரம் ஒருமுறை இந்த மூன்றிலிருந்தும் நீர் எடுத்து, விப்ரியோவை வளர்த்துக் காட்டும் டிசிபிஎஸ் தட்டில் பூசிப் பார்த்தால், லார்வா சாகும் முன்பே தெரியும்.

நல்ல பாக்டீரியாவைக் கொடுத்துக் கெட்டதைத் தடுப்பதும் நியூசிலாந்துச் சிப்பி லார்வாவில் சோதிக்கப்பட்டு, ஆல்டெரோமோனாஸ் என்ற இனம் விப்ரியோவுக்கு எதிராக உதவியது. இறாலுக்கு விற்கும் புரோபயாட்டிக் பாக்கெட்டை வாங்கி ஊற்றுவது அதற்குச் சமமாகாது.

லார்வா நலமா என்று பார்த்தவுடன் எப்படித் தெரிந்துகொள்வது?

குடலின் நிறத்தைப் பாருங்கள். பொன் பழுப்பாக நிறைந்திருந்தால் சாப்பிடுகிறது. வெளிறி, உள்ளே எண்ணெய்த் துளிகளும் இல்லாவிட்டால் இரண்டு நாளில் தொல்லை வரும். மற்றவை இதற்குப் பிறகுதான்.

கயிற்றில் ஒட்டுவதை எப்படிக் கூட்டலாம்?

லார்வாவில் பாதிக்குக் கண்புள்ளி வந்து, கால் நீட்டி ஊர்வது தெரிந்தால் கயிற்றை இறக்குங்கள். முன்னதாக இறக்கினால் கயிற்றில் அழுக்குப் படியும். தாமதித்தால் தொட்டிச் சுவரிலேயே ஒட்டிவிடும். சிப்பிக் குஞ்சு வழவழப்பான பரப்பைவிட மெல்லிய இழைகளைத்தான் விரும்பும். பாறையிலும் முதலில் படிவது பாசி இழைகளில்தான். எனவே பிசிறு உள்ள கயிறு நல்லது. நம் தென்னைநார்க் கயிறு இதற்குப் பொருத்தமானது. ஆனால் புதுக் கயிற்றில் துவர்ப்பு ஊறும். பழுப்பு நீர் வருவது நிற்கும் வரை மாற்றி மாற்றி ஊறவைத்து, பிறகு வடிகட்டிய கடல்நீரில் சில நாள் போட்டு மெல்லிய உயிர்ப்படலம் படியவிட்ட பின் பயன்படுத்துங்கள். அந்தப் படலம் லார்வாவை இழுக்கும்.

ஒட்டிய குஞ்சு கயிற்றிலிருந்து காணாமல் போகிறதே?

மேலே போட்ட கணக்கில் கடைசிப் படி இது. யாரும் எண்ணாத படியும் இதுவே.

சிப்பிக் குஞ்சு ஒரே இடத்தில் ஒட்டிக் கிடக்கும் உயிர் அல்ல. இடம் பிடிக்காவிட்டால் தன் நூலிழையை அறுத்துவிட்டு, மெல்லிய பசை நூலைக் காற்றாடி வால்போல் நீரில் விட்டு நீரோட்டத்தில் மிதந்து போகும். ஓரிரு மில்லிமீட்டர் அளவுக்கு வளரும் வரை இதைப் பலமுறை செய்யும். இயற்கையில் இது அதன் புத்திசாலித்தனம்; கயிறு கட்டியவனுக்கு நட்டம். நியூசிலாந்துப் பண்ணைகளில் இறக்கிய விதையில் மிகப் பெரும்பகுதி முதல் சில மாதங்களில் இப்படியே போய்விடுகிறது. இயற்கையில் கிடைக்கும் காட்டு விதையிலும் அதே கதைதான்.

பசி, வெயிலில் காய்வது, குலுக்கல் மூன்றும் அதைக் கிளம்பச் செய்யும். ஒரு மில்லிமீட்டர் குஞ்சை நண்பகல் வெயிலில் திறந்த லாரியில் கொண்டுபோய், அன்றே கடலில் இறக்கினால் அது தங்காது. பொரிப்பகத்திலேயே நாற்றங்கால் தொட்டியில் உணவு தாராளமாகக் கொடுத்து ஐந்தாறு மில்லிமீட்டர் வரை வளருங்கள். செலவு கூடும், ஆனால் இறக்கிய விதை நிற்கும். அந்திக்குப் பின் ஈரச் சாக்கில் சுற்றி ஏற்றுங்கள். கயிற்றைச் சுற்றிப் பருத்தி வலையைத் தைத்து இறக்குங்கள். அது இரண்டு மூன்று நாளில் மக்கிப் போவதற்குள் குஞ்சு நூலிழையால் பிடித்துக்கொள்ளும். காட்டு விதைக்கு இதை மலபார்ப் பெண்கள் என்றோ தெரிந்துகொண்டார்கள். பொரிப்பகத்துக்காரர்கள் அவர்களிடம் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. இறக்கிய ஏழாம் நாளும் முப்பதாம் நாளும் ஒரு சாண் கயிறு வெட்டி எடுத்து எண்ணுங்கள்.

ஒரு சுய உதவிக் குழு சொந்தமாக லார்வா வளர்க்கலாமா?

லார்வா வளர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாசி அறை, ஜெனரேட்டர், இரவுக் காவல் எல்லாம் வேண்டும். ஆனால் கண்புள்ளி வந்த லார்வாவை ஈரத் துணியில் கட்டிக் குளிர்ப்பெட்டியில் சில மணி நேரப் பயணத்தில் கொண்டுபோக முடியும். அதை வாங்கி ஒட்டவைத்து நாற்றங்கால் வளர்ப்பது குழுக்களின் கைக்கு எட்டும் வேலை. ஒரு நடுப் பொரிப்பகமும் சுற்றிலும் பத்து நாற்றங்கால்களும் என்ற அமைப்பு நம் கரைக்கு வரவேண்டும் என்பது என் விருப்பம்.

விதையை வேறு கடற்கரைக்குக் கொண்டுபோகலாமா?

பச்சைச் சிப்பி இயல்பாக இல்லாத இடத்துக்கு ஒருபோதும் வேண்டாம். 1990களில் டிரினிடாடிலும், பிறகு அமெரிக்காவின் டாம்பா விரிகுடாவிலும் இது வந்தேறி, மின்நிலையக் குளிர்நீர்க் குழாய்களை அடைத்தது. இயல்பாக உள்ள இடத்துக்கும் நோய்ச் சோதனை முடித்த பிறகே கொண்டுபோக வேண்டும்.

எந்த மாதத்தில் தொடங்க வேண்டும்?

பின்னாலிருந்து எண்ணுங்கள். மலபார்க் கழிமுகத்தில் மழை நீர் வடிந்து உப்பு ஏறுவது நவம்பர் வாக்கில். மே இறுதியில் மறுபடி மழை வருமுன் அறுவடை முடிய வேண்டும். நவம்பரில் கயிற்றில் வைக்க 15 மில்லிமீட்டர் விதை வேண்டும். ஒட்டிய குஞ்சு அந்த அளவுக்கு வர இரண்டு மாதத்துக்குக் குறையாது. லார்வாக் காலம் இரண்டரை வாரம். ஆகவே முட்டை ஆகஸ்டில் விழ வேண்டும். சினை தயாராக இருக்கும். ஆனால் கேரளக் கரையில் நீர் கலங்கி, உப்புத்தன்மை இறங்கி, ஆழ்நீர் மேலெழும் மாதமும் அதுதான்.

அதே ஆகஸ்டில் தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் மழைக்காலம் தொடங்கியிருக்காது. கடலின் உப்பு 33, 34 பிபிடியில் (ஆயிரத்தில் அத்தனை பங்கு) நிலையாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை இங்கே அக்டோபரில்தான். கோவளம், முட்டுக்காடு பக்கத்தில் சிப்பி ஆராய்ச்சி பல பத்தாண்டுகளாக நடந்திருக்கிறது. இந்தக் கரையில் லார்வா வளர்த்து, செப்டம்பருக்குள் ஒட்டவைத்து, சோதனை முடித்த குஞ்சை மேற்குக் கரை நாற்றங்கால்களுக்கு அனுப்ப முடியும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் முட்டை எடுக்க வேண்டுமானால், பாசியின் மூல வளர்ப்பை ஜூன் மாதமே பெருக்கத் தொடங்கியிருக்க வேண்டும்.